படுத்த ஆனைக்கும் தீனி ஆனைத் தீனிதான்: வயதான ஆட்டக்காரரைக் கிளப் வாங்கலாமா?

சனிக்கிழமை இரவு, மாமாக் கடை. பெரிய திரையில் முதல் பாதி ஆட்டம் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒருவர் கைப்பேசியைத் தூக்கிக் காட்டுகிறார். நம் கிளப் ஒரு மத்தியத் திடல் ஆட்டக்காரரை வாங்கப் போகிறதாம். வயது 33.

அவ்வளவுதான். அடுத்த பதினைந்து நிமிடத்துக்கு ரொட்டி சானாயை யாரும் தொடப் போவதில்லை.

“சேமநிதிப் பணம் எடுக்குற வயசு. இவன வாங்கி என்னண்ணே செய்யப் போறோம்?”

“தம்பி, ஆனை படுத்தாலும் குதிரை மட்டம். அவன் ஓட வேணாம். நின்ன எடத்துல இருந்து நாலு பந்து பிரிச்சிக் கொடுத்தா போதும்.”

“ஆனை படுத்தா குதிரை மட்டம், சரி. தீனி மட்டும் ஆனைத் தீனியில்ல கேக்குது?”

மேசை சிரிக்கிறது. ஆனால் வாக்குவாதம் முடிவதில்லை. கிளப்பின் பெயர் மாறும், ஆட்டக்காரரின் பெயர் மாறும், இந்தப் பேச்சு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஆட்டக்காரர் மாற்றத்துக்கான காலம் திறக்கும்போது திரும்பி வரும். தோட்டத்து ஒட்டுக்கடையிலும் இதே பேச்சுதான், பட்டணத்து உணவகத்திலும் இதே பேச்சுதான்.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருவரும் வயதைப் பற்றிப் பேசுவதால்தான் பேச்சு முடிவுக்கு வருவதில்லை. வயதை ஒட்டி வேறு சில கணக்குகள் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால் எந்த ஒப்பந்தம் நல்லது, எது வீண் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். நமக்குத் தெரிந்த சில ஆட்டக்காரர்களின் கதைகளை வைத்தே அதைப் பார்ப்போம்.

மலேசியா இருமுறை பார்த்த பாப்லோ ஐமார்

1997ஆம் ஆண்டு உலக இளையோர் காற்பந்துப் போட்டியை மலேசியா ஏற்று நடத்தியது. ஜூலை 5ஆம் தேதி ஷா ஆலாம் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் அர்ஜெண்டினா 2-1 என்று உருகுவேயைத் தோற்கடித்துக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்த அர்ஜெண்டினா அணியில் ரிக்கெல்மே இருந்தார், கம்பியாசோ இருந்தார், லியோனல் ஸ்கலோனி இருந்தார். சுருட்டை முடியோடு 17 வயதுப் பையன் ஒருவரும் இருந்தார். பெயர் பாப்லோ ஐமார்.

அதன் பிறகு ஐமார் ஸ்பெயினின் வெலன்சியா கிளப்புக்குச் சென்று 2002இலும் 2004இலும் லீக் பட்டம் வென்றார். 2004இல் யூஃபா கிண்ணமும் கிடைத்தது. பின்னர் போர்த்துகலின் பென்ஃபிக்காவில் ஐந்து பருவங்கள் ஆடினார். சிறுவயதில் தமக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஐமார்தான் என்று மெஸ்ஸியே சொல்லியிருக்கிறார்.

அதே ஐமாரை 2013 செப்டம்பரில் ஜொகூர் டாருல் தாக்ஸிம், அதாவது நம் ஜேடிடி, ஒப்பந்தம் செய்தது. அப்போது அவருக்கு 33 வயது. 2014 பருவத்தில் திடலில் இறங்கும்போது 34.

அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். ஜேடிடி இன்றைய ஜேடிடி அல்ல. 2013 சூப்பர் லீக்கை வென்றது சிங்கப்பூரின் லயன்ஸ் டுவெல்வ் அணி. அதே ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் ஜேடிடி கிளந்தானிடம் 0-1 என்று தோற்றது. அப்படிப்பட்ட நேரத்தில் லார்கின் அரங்குக்கு மெஸ்ஸியின் நாயகன் வருகிறார் என்றால் ரசிகர்களுக்குக் கால் தரையில் நிற்குமா? ஜொகூர் கிளப் ஒன்றின் பெயர் உலகக் காற்பந்துச் செய்திகளில் அடிபட்டது.

ஆனால் பென்ஃபிக்காவில் கடைசிப் பருவத்திலேயே ஐமாரைக் காயங்கள் வாட்டிக்கொண்டிருந்தன. அந்தக் காயங்கள் அவரோடு ஜொகூருக்கும் வந்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களில்தான் அவரால் ஆட முடிந்தது. ஆடிய நிமிடங்களில் அந்தப் பாதமும் பார்வையும் பழையபடியே இருந்தன. உடல்தான் இடம் கொடுக்கவில்லை. 2014 ஏப்ரலில் கிளப் அவரை விடுவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே 2014 பருவத்தில்தான் ஜேடிடி முதன்முறையாக சூப்பர் லீக் பட்டம் வென்றது. மறு ஆண்டு, 2015 அக்டோபர் 31ஆம் தேதி, தஜிகிஸ்தானின் டுஷான்பேயில் இஸ்திக்லோல் அணியை 1-0 என்று வென்று ஏஎஃப்சி கிண்ணத்தையும் கைப்பற்றியது. அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி அது. அந்த ஒரே கோலை அடித்தவரும் அர்ஜெண்டினாக்காரர்தான், மத்தியத் திடல் ஆட்டக்காரர்தான். பெயர் லியாண்ட்ரோ வெலாஸ்குவெஸ். அப்போது அவருக்கு இருபதுகளின் நடுப்பகுதி. வருவதற்கு முன் நம் மேசைகளில் அவர் பெயரைத் தெரிந்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

தம்பி இந்தக் கதையைக் கேட்டால், “பாத்தீங்களாண்ணே?” என்பார். அவசரப்பட வேண்டாம். அண்ணன் பக்கமும் ஒரு கதை இருக்கிறது.

35 வயதில் லிவர்பூல்

2000ஆம் ஆண்டில் லிவர்பூல் பயிற்றுநர் ஜெரார்ட் ஹூலியே, கோவெண்ட்ரி சிட்டியிலிருந்து கேரி மெக்அலிஸ்டரை அழைத்து வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், மத்தியத் திடல், வயது 35. இளம் ஆட்டக்காரர்களைக் கொண்டு அணியை மீண்டும் கட்டிக்கொண்டிருந்த கிளப்புக்கு இப்படி ஒருவர் எதற்கு என்று புருவம் உயர்த்தியவர்கள் பலர்.

விடை 2001 ஏப்ரல், மே மாதங்களில் கிடைத்தது. ஏப்ரல் 16ஆம் தேதி எவர்ட்டனுக்கு எதிராக அவர்கள் திடலிலேயே ஆட்டம் 2-2. கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏறக்குறைய 40 மீட்டர் தூரத்திலிருந்து மெக்அலிஸ்டர் அடித்த பிரீ கிக் நேராக வலைக்குள் போனது. மூன்று நாள் கழித்து யூஃபா கிண்ண அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராக அவர் அடித்த பினால்டிதான் ஆட்டத்தின் ஒரே கோல். மே 16ஆம் தேதி டோர்ட்மண்டில் நடந்த இறுதியாட்டத்தில் லிவர்பூல் அலாவேஸ் அணியை 5-4 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது 36 வயது மெக்அலிஸ்டருக்குத்தான். லீக் கிண்ணம், எஃப்.ஏ. கிண்ணம், யூஃபா கிண்ணம் என ஒரே பருவத்தில் லிவர்பூலுக்கு மூன்று கிண்ணங்கள் கிடைத்தன.

ஐமாரைவிட வயதில் மூத்தவர் வென்றார். ஐமாரால் முடியவில்லை. அப்படியானால் வயது மட்டும் காரணம் அல்ல என்பது தெரிகிறது. பிறகு எதுதான் காரணம்?

வயது எதை எடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது?

காற்பந்துத் திடலின் நீளம் ஏறத்தாழ 105 மீட்டர். ஒரு மத்தியத் திடல் ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுவார். இந்த மொத்தத் தூரம் வயதானவர்களிடமும் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. மெதுவாகவாவது ஓடிவிடுவார்கள். குறைவது வேறு. திடீரென்று பாயும் வேகம் குறைகிறது. சட்டென்று திரும்பும் திறன் குறைகிறது. ஓர் ஆட்டத்தின் களைப்பு தீர்வதற்குக் கூடுதல் நாள்கள் பிடிக்கின்றன. தொடையின் பின்பக்கத் தசையும் கெண்டைக்கால் தசையும் எளிதில் பிடித்துக்கொள்கின்றன.

குறையாதவையும் உண்டு. பந்து வருவதற்கு முன்பே யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவைக்கும் பழக்கம் வயதால் குறைவதில்லை. பிரீ கிக், கார்னர், பினால்டி ஆகியவற்றுக்கு வேகம் தேவையில்லை. மெக்அலிஸ்டரின் அந்த வாரங்களை மறுபடியும் பாருங்கள். பிரீ கிக், பினால்டி, மீண்டும் பினால்டி. அலாவேஸுக்கு எதிரான வெற்றி கோலும் அவர் அடித்த பிரீ கிக் எதிரணி ஆட்டக்காரரின் தலையில் பட்டு உள்ளே போனதுதான்.

இதனால்தான் கோல் காவலர்கள் நெடுநாள் நிலைக்கிறார்கள். இத்தாலியின் பஃப்போன் 45 வயதில்தான் ஓய்வு பெற்றார். தாக்குதல் ஆட்டக்காரர் விஷயமும் எளிது. கோல் வருகிறதா இல்லையா என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். மத்தியத் திடலில்தான் குழப்பம். அங்கே ஒருவரின் வேகம் குறைந்தால் அது அவர் கணக்கில் விழாது. அவர் அரை நொடி தாமதமாக வருவார். எதிரணிக்காரர் அவரைக் கடந்து ஓடுவார். அந்த இடைவெளியை அடைக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் தன் இடத்தை விட்டு வருவார். அவர் விட்ட இடத்தில் கோல் விழும். மேசையில் திட்டு வாங்குவது அந்தத் தற்காப்பு ஆட்டக்காரர்தான். வயதான மத்தியத் திடல் ஆட்டக்காரர்களைப் பற்றி ரசிகர்கள் ஒத்துப்போகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒருவர் அவர் கொடுத்த அழகான பந்தைப் பார்க்கிறார். இன்னொருவர் அவர் அடைக்காத இடைவெளியைப் பார்க்கிறார்.

நம் ஊர் லீக்கில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவு ஆட்டம்தான் என்றாலும் புழுக்கம் குறைவதில்லை. மழை பெய்தால் திடல் கனத்துப் போகும். ஒரு வாரம் தீபகற்பத்தில் ஆட்டம், அடுத்து சபாவுக்கோ கூச்சிங்கிற்கோ விமானம். களைப்பு தீரக் கூடுதல் நாள்கள் தேவைப்படும் உடலுக்கு இவை சின்ன விஷயம் அல்ல. பெரிய பெயரோடு ஐரோப்பாவிலிருந்து வருபவர் இங்கே நடந்துகொண்டே ஆடிவிடலாம் என்று நினைப்பது தவறு.

அவருக்காக ஓடுவது யார்?

நம் தோட்டத் திடல்களில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நடுவில் நாற்பதைத் தாண்டிய ஒருவர் நிற்பார். அதிகம் ஓட மாட்டார். கையைக் காட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் அவருக்கு இரண்டு பக்கமும் மூச்சு வாங்காமல் ஓட இரண்டு பையன்கள் இருப்பார்கள். அந்த இரண்டு பேரும் ஒரு வாரம் வராமல் போனால்தான் பெரியவரின் உண்மை நிலை தெரியும்.

இத்தாலியில் நடந்ததும் இதேதான். 2011இல் ஏசி மிலான் கிளப்பில் அண்ட்ரேயா பிர்லோவின் ஒப்பந்தம் முடிந்தது. வயது 32. காயங்களால் பல ஆட்டங்களைத் தவறவிட்டிருந்தார். அவர் இல்லாமலேயே அந்தப் பருவத்தில் மிலான் லீக் பட்டத்தையும் வென்றிருந்தது. அதனால் அவரைப் போகவிட்டது தவறாகத் தெரியவில்லை. யுவெண்டஸ் அவரை மாற்றுக் கட்டணம் எதுவும் கொடுக்காமலேயே எடுத்துக்கொண்டது.

யுவெண்டஸ் பயிற்றுநர் அந்தோனியோ கொன்தே, பிர்லோவைத் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். அவருக்கு இரண்டு பக்கமும் அர்துரோ விடால், கிளாவ்டியோ மார்ச்சிசியோ என்று சளைக்காமல் ஓடும் இருவர். மறு ஆண்டில் இளம் பால் போக்பாவும் சேர்ந்துகொண்டார். 2011-12 பருவத்தில் யுவெண்டஸ் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. பிர்லோ அங்கே ஆடிய நான்கு பருவங்களிலும் லீக் பட்டம் யுவெண்டசுக்குத்தான்.

மிலான் கணக்கில் பிர்லோ காயம்பட்ட 32 வயதுக்காரர். யுவெண்டஸ் கணக்கில் அவர் இரண்டு ஓட்டக்காரர்களுக்கு நடுவே நிற்க வேண்டிய ஒருவர். ஒரே ஆள்தான், அவரைச் சுற்றி இருந்த அணி வேறு.

நம் நாட்டிலேயே இன்னொரு வழியையும் பார்த்திருக்கிறோம். பயிற்றுநர் கே. ராஜகோபாலின் தலைமையில் 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணம் வென்ற மலேசிய அணியில் இருந்த எஸ். குணாளன், பக்கவாட்டில் சிட்டாகப் பறந்த ஆட்டக்காரர். பின்னர் வலது பக்கத் தற்காப்புக்கு மாறி ஜேடிடியில் ஆடினார். வயதுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற இடத்தைக் கண்டுகொண்டால் ஒருவரின் ஆட்டக்காலம் நீளும் என்பதற்கு நம் கண்ணெதிரே உள்ள உதாரணம் அது.

பணத்தின் கணக்கு

இனி தம்பி கேட்ட ஆனைத் தீனிக்கு வருவோம்.

ஓர் ஆட்டக்காரரை வாங்குவதில் மூன்று செலவுகள் உண்டு. பழைய கிளப்புக்குக் கொடுக்கும் மாற்றுக் கட்டணம், ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் சம்பளம், அந்தச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டிய ஆண்டுகள். நாம் பேசும்போது முதலாவதை மட்டும் பேசுகிறோம். கிளப்பைச் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் மூன்றாவது.

ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை மாற்றுக் கட்டணம் இல்லாமல் எடுக்கலாம் என்ற நிலை, பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு வந்தது. மெக்அலிஸ்டரும் பிர்லோவும் அப்படித்தான் வந்தார்கள். 2025இல் லூக்கா மொட்ரிச் ரியல் மெட்ரிட்டை விட்டு ஏசி மிலானுக்குப் போனதும் அப்படித்தான். அப்போது அவருக்கு 39 வயது. மிலான் கொடுத்தது ஓராண்டு ஒப்பந்தம், விரும்பினால் நீட்டிக்கலாம் என்ற நிபந்தனையோடு. கணக்கு சரிவராவிட்டால் ஓராண்டோடு கை கழுவிவிடலாம்.

இதற்கு நேர்மாறானது கசெமிரோவின் கதை. 2022 ஆகஸ்டில் மென்செஸ்டர் யுனைடெட் பருவத்தின் முதல் ஆட்டத்தில் பிரைட்டனிடம் 1-2 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் பிரெண்ட்ஃபர்டிடம் 0-4. அந்தக் கோடைக்காலம் முழுவதும் கிளப் துரத்தியது 25 வயது பிரெங்கி டி யோங்கை. அவர் வரவில்லை. இரண்டு தோல்விகளுக்குப் பிறகு ரியல் மெட்ரிட்டிலிருந்து கசெமிரோவை எடுத்தார்கள். வயது 30. ஐந்து முறை சாம்பியன்ஸ் லீக் வென்றவர். கட்டணம் ஏறக்குறைய 60 மில்லியன் பவுண்ட், மேற்கொண்டு 10 மில்லியன் வரை கூடலாம். ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள்.

முதல் பருவத்தில் அண்ணன் கட்சிக்கே வெற்றி. 2023 பிப்ரவரியில் நியூகாசலுக்கு எதிரான லீக் கிண்ண இறுதியாட்டத்தில் கசெமிரோ முதல் கோலை அடித்தார். ஆறு ஆண்டுகளாகக் கிண்ணம் பார்க்காத கிளப்புக்குக் கிண்ணம் கிடைத்தது. லீக்கில் மூன்றாம் இடம். இரண்டாவது பருவத்தில் தம்பி கட்சி எழுந்தது. காயம் வந்தது, வேகம் குறைந்தது, தற்காப்பில் ஆளில்லாமல் அவரையே பின்னால் நிறுத்தினார்கள். 2024 மே மாதம் கிரிஸ்டல் பேலஸிடம் 0-4 என்று தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு அவருக்கு விழாத திட்டு இல்லை. ஆனால் அப்போதும் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் பாக்கி இருந்தன.

இதை நம் வீட்டுக் கணக்கில் சொல்வதென்றால் கார் கடனைப் போல. ஒன்பது ஆண்டுத் தவணையில் ஒரு நல்ல பழைய காரை வாங்குகிறோம். முதல் இரண்டு ஆண்டு பிரமாதமாக ஓடுகிறது. பிறகு மாதம் ஒருமுறை பட்டறைக்குப் போகிறது. கார் பட்டறையில் கிடந்தாலும் தவணை நிற்பதில்லை. விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. கிளப்பின் கணக்குப் புத்தகத்திலும் 60 மில்லியனை நான்கால் வகுத்து ஆண்டுக்கு 15 மில்லியன் என்றே எழுதுவார்கள். 25 வயதுக்காரர் என்றால் இடையில் விற்றுப் போட்ட பணத்தில் ஒரு பகுதியையாவது மீட்கலாம். 30ஐத் தாண்டியவரிடம் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடுகிறது.

பணக்கார ஐரோப்பிய கிளப் ஒன்று இந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். நம் லீக்கில் அப்படி அல்ல. ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி என்ற செய்தி அடிக்கடி நம் நாளேடுகளில் வருகிறது. பெரிய பெயர்க்காரரின் சம்பளம் நின்றால் அவர் வழக்குப் போட்டு வாங்கிவிடுவார். அதே அணியில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் பார்க்க வேண்டிய உள்ளூர் ஆட்டக்காரர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. “எப்படியாவது வாங்குங்க” என்று நாம் கத்தும்போது இந்தக் கணக்கும் மனத்தில் இருக்க வேண்டும்.

அது யாருடைய இடம்?

என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. மேசையில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

திடலில் 11 இடங்கள்தான். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு வரம்பும் உண்டு. 34 வயதுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் இன்னொருவர் எழுந்து போக வேண்டும். சில சமயம் அது வெறொரு நல்ல இறக்குமதி ஆட்டக்காரர். சில சமயம் அது 20 வயது உள்ளூர்ப் பையன். அந்த வயதில் ஆட்டம் கிடைக்காதவர் அதிக நாள் காத்திருக்க முடியாது. வீட்டில் கேட்பார்கள். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்கோ உணவு விநியோகத்துக்கோ போய்விடுவார். அதன் பிறகு மாலைப் பயிற்சிக்கு வருவது நின்றுவிடும். நம் குடும்பங்களிலும் நம் தாமான்களிலும் இப்படி நின்றுபோன பையன்களை எண்ணிப் பார்த்தால் புரியும்.

அதற்காக வெளியாள் யாருமே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. மிஃபா எனப்படும் மலேசிய இந்தியக் காற்பந்து சங்கத்தின் அணியாக இருந்து, பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு உயர்ந்த அணி 2021இல் இறக்குமதி ஆட்டக்காரர்கள் இல்லாமலேயே ஆடிக் கீழ் லீக்குக்கு இறங்காமல் தாக்குப்பிடித்தது. உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கலாம் என்று அது காட்டியது. ஆனால் 2022 பருவத்தோடு அந்த அணியே லீக்கிலிருந்து விலகிவிட்டது. இளைஞர்களுக்கு இடம் கொடுத்தால் மட்டும் ஒரு கிளப் நின்றுவிடாது. பணமும் வேண்டும், வழிகாட்ட ஆளும் வேண்டும்.

மூத்தவர் வந்தால் இளையவருக்கு இடம் போகும் என்பதும் எப்போதும் உண்மை அல்ல. மெக்அலிஸ்டர் லிவர்பூலுக்கு வந்தபோது அதே மத்தியத் திடலில் ஸ்டீவன் ஜெராட் என்ற 20 வயதுப் பையன் இருந்தார். மெக்அலிஸ்டர் அவர் இடத்தைப் பறிக்கவில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஆடினார்கள். அலாவேஸுக்கு எதிரான அந்த இறுதியாட்டத்தில் இருவருமே கோல் அடித்தார்கள். அந்த ஆண்டு இங்கிலாந்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதை ஜெராட் பெற்றார். 17 ஆண்டுகள் கழித்து, 2018இல், ஜெராட் முதன்முறையாக ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணிக்குப் பயிற்றுநரானபோது துணைக்கு அழைத்துக்கொண்டது மெக்அலிஸ்டரைத்தான்.

ஆக, மூத்தவர் வருவதில் தவறில்லை. அவர் பையனுக்குப் பக்கத்தில் நிற்க வருகிறாரா, பையனை பெஞ்சில் உட்கார வைக்க வருகிறாரா என்று பார்க்க வேண்டும்.

மேசையில் கேட்க வேண்டியவை

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் வயதோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? ஓராண்டு என்றால் பெரிய ஆபத்தில்லை. மூன்று, நான்கு என்றால் ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு என்ன வயது என்று கணக்குப் போடுங்கள்.

இரண்டு, கடந்த இரண்டு பருவங்களில் எத்தனை ஆட்டங்கள் ஆடினார்? பழைய கிண்ணங்களை எண்ண வேண்டாம். ஆடிய ஆட்டங்களை எண்ணுங்கள். ஐமார் விஷயத்தில் எச்சரிக்கை அங்கேதான் இருந்தது.

மூன்று, அவருக்குப் பக்கத்தில் ஓடப் போவது யார்? பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அது நல்ல ஒப்பந்தம் அல்ல.

நான்கு, திட்டமிட்டு வாங்குகிறார்களா, தோற்ற வாரத்தில் ரசிகர் வாயை அடைக்க வாங்குகிறார்களா? அவசரத்தில் வாங்கும்போது விலையும் ஏறும், ஒப்பந்தமும் நீளும்.

ஐந்து, அவர் வருவதால் எந்தப் பையனுக்கு ஆட்டம் குறையும்? அவன் இவரிடம் கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா?

இந்த ஐந்துக்கும் நல்ல பதில் இருந்தால் 35 வயதுக்காரரையும் தயங்காமல் வாங்கலாம். இல்லையென்றால் 30 வயதுக்காரரும் பாரம்தான்.

ஐமாரின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. 2022 டிசம்பர் 18, கத்தாரின் லுசைல் அரங்கம். அர்ஜெண்டினா உலகக் கிண்ணம் வென்ற அன்று பயிற்றுநர் இடத்தில் நின்றவர் லியோனல் ஸ்கலோனி. அவருடைய துணைப் பயிற்றுநர்களில் ஒருவர் பாப்லோ ஐமார். 1997இல் ஷா ஆலாமில் ஒன்றாகக் கிண்ணம் தூக்கிய அதே இருவர். ஜொகூரில் அந்த உடலால் முடியாமல் போயிருக்கலாம். ஆட்டத்தைப் படிக்கும் அந்த அறிவுக்கு அப்போதும் வேலை இருந்தது.

சரி, திரையில் இரண்டாவது பாதி தொடங்கிவிட்டது. ஆறிய ரொட்டியை எடுத்துக்கொண்டே தம்பி மறுபடியும் வயதைப் பற்றி ஆரம்பித்தால் அண்ணன் இப்படிக் கேட்கலாம்: “வயச விடுப்பா. எத்தன வருஷ ஒப்பந்தம்னு போட்டிருக்கு, அத மொதல்ல பாரு.”